ஐயா செருகிய கேபிள்

இன்று ஹட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டப் பாடசாலையில் கணினி அறை திறப்பு. செய்தி சேகரிக்கப் போயிருந்தேன்.

அங்கே கற்பிக்கும் சாந்தி டீச்சர் விடுமுறை முழுவதும் இரவல் கேமராவில் பதிவு செய்த பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சைக்கான விஞ்ஞானப் பாடங்கள் ஒரு ஹார்ட் டிரைவில் இருந்தன. வேறு பிரதி இல்லை. பரீட்சை நெருங்கிவிட்டது. அந்த டிரைவைக் கணினியோடு இணைப்பது, தரவோடு மின்சாரத்தையும் கொண்டுபோகும் வேகமான பயர்வயர் கேபிள்.

"கம்ப்யூட்டர் ரூமுக்கு எதுக்குங்க குத்துவிளக்கு? ஐயா வயரைச் செருகட்டும்" என்று விழாக்குழு முடிவு செய்திருந்தது. மங்களகரமாக இருக்கட்டும் என்று கேபிளின் முனையிலும் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்திருந்தார்கள். எது மேல், எது கீழ் என்றே தெரியவில்லை.

பிரதம அதிதியான அரசியல்வாதி படத்துக்குச் சிரித்தபடியே செருகினார். போகவில்லை.

"ஐயா, தலைகீழா இருக்குங்க. திருப்பிப் போடுங்க" என்றார் டீச்சர்.

"நாங்க பார்க்காத வயரா டீச்சர்?" என்று ஓங்கி அழுத்தினார்.

போய்விட்டது. தலைகீழாகப் போனால் மின்சாரம் தவறான இடத்தில் பாயும். கருகிய நாற்றம் வந்தது. சொல்லிவைத்தபடி பிள்ளைகள் கைதட்டினார்கள்.

டீச்சர் டிரைவைக் காதில் வைத்துப் பார்த்தார். சுழலும் சத்தமே இல்லை. "பாடமெல்லாம் போச்சுங்க ஐயா."

"அதுக்கென்ன, புதுசு ஒண்ணு வாங்கித் தர்றேன்" என்று அடுத்த விழாவுக்குக் கிளம்பிவிட்டார்.

சற்று முன் அவருடைய செயலாளர் தொலைபேசியில் பேசினார். "அண்ணே, ஐயா வயரைப் பிடிச்சிருக்கிற படத்தை நாளைக்குப் பெரிசா போடுங்க."

படத்தை எடுத்துப் பார்க்கிறேன். மிகத் தெளிவாக வந்திருக்கிறது. அதன் கீழே என்ன எழுதலாம், சொல்லுங்கள்.