சாவிக்கொத்து அண்ணனும் நான் சுரண்டிய நோட்டீசும்

எங்கள் பூங்காவின் தோட்டக்காரரை எல்லோரும் சாவிக்கொத்து என்றுதான் கூப்பிடுவார்கள். இடுப்பில் ஏழு சாவி தொங்கும். அதில் நாலுக்குப் பூட்டே கிடையாது. "எதுக்கண்ணே இந்தச் சுமை?" என்று கேட்டால், "பூட்டு திரும்பி வந்துச்சுன்னா யாரு திறக்கறது?" என்பார். இருபத்தாறு வருடமாகக் கேட்டைத் திறப்பதும் சாத்துவதும் அவர்தான். அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு செடி பட்டுப்போனால்கூட, "நான்தாங்க தண்ணி ஊத்த மறந்துட்டேன்" என்று தானே போய் அதிகாரியிடம் சொல்லிவிடுவார்.

நான் அங்கே பெருக்குகிறவள். அண்ணன் வருவதற்கு முன்பே போய், வெளிச்சுவரிலும் கேட்டிலும் ஒட்டியிருக்கும் போஸ்டர்களில் தண்ணீர் அடித்து, தகட்டால் சுரண்டி எடுப்பதும் என் வேலை. எதையும் படிப்பதில்லை. அஞ்சாம் வகுப்போடு நின்றவளுக்கு ஒவ்வொன்றாய்ப் படித்துக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும்.

அன்றும் அப்படித்தான் சுரண்டினேன். கூடையில் போடும்போதுதான் முத்திரை கண்ணில் பட்டது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். பூங்காவின் கீழ்ப்பாதியை நகராட்சி பக்கத்துப் பல்கலைக்கழகத்துக்கு விற்கப்போகிறதாம். ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளுக்குள் எழுதித் தர வேண்டுமாம். முந்தின நாள் கேட் சாத்திய பிறகு வந்து ஒட்டியிருக்கிறார்கள். சர்க்கார் காகிதத்தைக் கிழித்துவிட்டேனே என்று பயம் பிடித்தது. சருகுக் குழியில் போட்டு மண்ணைத் தள்ளினேன். வேறு எங்காவது ஒட்டியிருப்பார்கள், கடவுளே, நீ பார்த்துக்கொள் என்று விட்டுவிட்டேன்.

வேறெங்கும் ஒட்டவில்லை. முப்பது நாள் கழித்து நிலத்தை அளக்க ஆட்கள் வந்தபோதுதான் ஊருக்கே தெரிந்தது. கூட்டம் போட்டார்கள்.

"கேட்டுல நோட்டீஸ் ஒட்டினோம். ஒருத்தர்கூட ஆட்சேபிக்கல" என்றார் நகராட்சி அதிகாரி.

அண்ணன் எழுந்தார். "ஐயா, அந்தக் கேட்டைத் தினம் திறக்கறவன் நான். ஒரு நோட்டீசும் அங்க இல்லீங்க."

அதிகாரி ஒட்டியபோது எடுத்த போட்டோவைத் தூக்கிக் காட்டினார்.

"சாவி எண்ணறதுலயே பொழுது போயிருக்கும்!" என்றார் ஒருவர். சபையே சிரித்தது. "அதெல்லாமில்ல, யுனிவர்சிட்டில வேலை தர்றோம்னு வாயை அடைச்சிருப்பாங்க" என்றார் இன்னொருவர்.

அண்ணன் போட்டோவைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தார். "ஆமாங்கய்யா, நம்ம கேட்டுதான்" என்று சொல்லி உட்கார்ந்தார். மூன்றாவது வரிசையில்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

திரும்பும் வழியில் கேட்டார்: "தங்கச்சி, நீயும் பார்க்கலையா?"

"இல்லண்ணே" என்றேன்.

அடுத்த வாரம் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். "கண்ணு போயிருக்கு தங்கச்சி. டாக்டர் கொஞ்சம்தான்னு சொல்றாரு. அவ்வளவு பெரிய காகிதம் தெரியலைன்னா கொஞ்சமா?" அன்றிலிருந்து பூட்டிய பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்த்தார். "பூட்டியிருக்கா, நீ பாரேன்" என்று என்னையே கேட்பார். என் கண்ணை நம்பி! பிரார்த்தனைக்குக் கை கூப்பினால் விரலெல்லாம் பசை ஒட்டியது போல இருக்கும்.

பத்து நாளுக்கு மேல் தாங்கவில்லை.

"அண்ணே, கண்ணாடியைக் கழட்டுங்க. உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு. நோட்டீசைச் சுரண்டினது நான்."

வெகுநேரம் குழாயடியில் கை கழுவிக்கொண்டே இருந்தார். "சுரண்டறது உன் வேலை. அதுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா அன்னிக்கு எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிச்சாங்களே... நீ அங்கதானேம்மா இருந்தே?"

திட்டியிருந்தால் ஆறியிருப்பேன்.

இருவரும் நகராட்சி ஆபீசுக்குப் போனோம். "கெடு முடிஞ்சு போச்சும்மா. எழுதிக் குடுங்க, ஃபைல்ல வைக்கறோம்" என்றார் குமாஸ்தா. எழுதிக் கொடுத்தேன். கீழ்ப்பாதியில் கம்பிவேலி வந்துவிட்டது.

அதையே இன்னொரு காகிதத்திலும் எழுதினேன்: 'நோட்டீசைக் கிழித்து மறைத்தது பெருக்குகிற நான். தோட்டக்காரர் சொன்னது உண்மை.' கேட்டில் ஒட்டினேன். நடக்க வருகிறவர்கள் நின்று படித்தார்கள். பாதிப்பேர் என்னோடு பேச்சை விட்டார்கள், அது நியாயம்தான். அன்று சிரித்தவர்களில் ஒருவர் மட்டும் அண்ணனிடம் வந்து, "மனசுல வச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் சுற்றிலும் இருந்த போஸ்டர்களைச் சுரண்டி, அதை மட்டும் விட்டேன். அண்ணன் கண்ணாடியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே படித்தார்.

"இது எத்தனை நாளைக்கு இருக்கணும்?"

"முப்பது நாள், அண்ணே."

பன்னிரண்டாம் நாள் மழையில் கரைந்தது. திரும்ப எழுதி ஒட்டினேன்.