இன்ஜினை நிறுத்தியபோது கேட்டது

போன வாரம் அண்ணன் பேரனோடு திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கார் ஸ்டீரியோ கடைக்குப் போயிருந்தேன். அவன் காரில் ஆம்ப்ளிஃபயர் ஊமையாகிவிட்டதாம். அது பேசிக்கொண்டிருந்த நாளில் தெருவே அதிரும் என்பதால் எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. கடைக்காரத் தம்பி டிக்கியைத் திறந்து, ஏதோ ஒரு வயரில் ஈயம் வைத்துப் பற்றவைத்தார். அந்தப் புகை மூக்கில் ஏறியதுதான் தாமதம், எனக்கு வயது இருபத்து மூன்றாகிவிட்டது.

ஐம்பதுகளின் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதே ஊரில் ஒரு சவுண்டு சர்வீஸ் கடையில் ரிப்பேர் வேலை பார்த்தேன். எங்களிடம் ஒரு பழைய கறுப்புக் கார் இருந்தது. கூரையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர், பின் சீட்டில் வால்வு ஆம்ப்ளிஃபயர். காதர் பாய் வண்டியும் ஓட்டுவார், மைக்கிலும் பேசுவார். கணீரென்ற குரல். ஆனால் மைக் இல்லாவிட்டால் டீக்கடையில்கூட முணுமுணுப்பார். "வெறும் வாயால கத்துறது தண்டோராக்காரன் வேலை தம்பி. நம்ம தொண்டை மைக்குக்கு மட்டுந்தேன்" என்பார். எனக்கும் அந்தக் கர்வம் இருந்தது. ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப் பையில் வெளியே தெரியும்படி செருகிக்கொண்டு திரிந்தவன் நான்.

அந்த வருஷம் ஆத்தூர்ப் பக்கம் வாந்திபேதி பரவியது. சுகாதார இன்ஸ்பெக்டர் எங்கள் வண்டியைப் பிடித்து அனுப்பினார். சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: ஊர்க் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். மூன்று ஊர்களில் சொல்லிவிட்டோம். நான்காவது ஊரின் முனையில் பாய் மைக்கை எடுத்து "அன்பார்ந்த" என்றார். அதோடு சத்தம் நின்றுவிட்டது.

புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி நான் உட்கார்ந்தேன். ஃப்யூஸ் நன்றாக இருந்தது. வால்வுகள் சிவப்பாக எரிந்தன. மைக் வயரைப் பிரித்துக் கட்டினேன். வால்வு ஒன்றை மாற்றிப் பார்த்தேன். சந்தேகப்பட்ட இடத்திலெல்லாம், ஸ்டவ்வில் காய்ச்சிய இரும்பால் புதிதாக ஈயம் வைத்தேன். பேட்டரி இறங்கிவிடக் கூடாதென்று பாய் இன்ஜினை ஓடவிட்டிருந்தார். அதுதான் எங்கள் வழக்கம்.

இடுப்பில் குடத்தோடு ஒரு பெண் வந்தாள். என் வயதுதான் இருக்கும். குழாய் ஸ்பீக்கரைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"எங்க வீட்டுல நாளைக்குத்தானண்ணே காதுகுத்து. இன்னைக்கே வந்துட்டீகளா?"

"நாங்க வேற வேலையா வந்திருக்கோம்க்கா" என்றேன், தலையைத் தூக்காமல்.

"ரிப்பேராக்கும்?"

"ஆமா. செத்த நேரத்துல பேசும். அப்பக் கேட்டுக்கங்க."

அவள் சிரித்துக்கொண்டே போனாள். வெறும் குடத்தோடு மறுபடி வந்தாள், நிறைகுடத்தோடு திரும்பினாள். விசேஷ வீடு, தண்ணீர் நிறைய வேண்டும். நான் ஆம்ப்ளிஃபயருக்குள் தலையை விட்டிருந்தேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனபிறகு பாய் சலித்துப்போய் இன்ஜினை நிறுத்தினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேட்டரி மின்சாரம் வால்வுகளைச் சிவக்கவைக்கப் போதும், பேசவைக்கப் போதாது; அதை ஏற்றிக் கொடுக்க வைப்ரேட்டர் என்றொரு தகர டப்பி உண்டு. உள்ளே ஒரு தகடு ஓயாமல் துடித்து வண்டு மாதிரி ரீங்கரிக்கும். அந்த ரீங்காரம் இல்லை. இன்ஜின் சத்தத்தில் அது இல்லாதது எனக்குத் தெரியாமலே போயிருந்தது. டப்பியைப் பிரித்தேன். தகடு ஒட்டிக்கொண்டிருந்தது. தீப்பெட்டியின் உரசும் பக்கத்தைக் கிழித்து நடுவில் விட்டுத் தேய்த்தேன். ஐந்தே நிமிஷம். ரீங்காரம் வந்தது. பாயின் குரல் கணீரென்று ஊருக்குள் போனது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

நான்கு நாள் கழித்து இன்ஸ்பெக்டர் கடைக்கு வந்தார். அந்த ஊரில் இரண்டு சாவு என்றார். ஒருவர் வயசானவர்.

"இன்னொண்ணு, காது குத்த இருந்த பிள்ளையோட தாயி. மைக்குச் சத்தம் கேட்டுச்சாம்யா. அதுக்கு முன்னாடியே குடிச்சிருந்துச்சாம்."

பாய் பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு மெதுவாக, "ஏலே, அந்தப் புள்ள நம்மகிட்டயே வந்து கேட்டுச்சேடா. நமக்கு வாயி இருந்துச்சேடா" என்றார்.

இருந்தது. இரண்டு பேருக்கும் இருந்தது. ஊர் முழுக்கச் சொல்ல வந்தவர்கள், எதிரே நின்ற ஒருத்தியிடம் சொல்லவில்லை. மைக் சரியாகட்டும் என்று காத்திருந்தோம்.

அன்று இன்ஜினை நிறுத்தியதும் ஒரு சத்தம் கேட்டது. கிணற்று ராட்டினத்தின் கிரீச். காதில் விழுந்ததை மனசில் வாங்காமல் டப்பியைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

கடைக்காரத் தம்பி ஆம்ப்ளிஃபயரைச் சரிசெய்துவிட்டார். பேரன் சந்தோஷத்தில் என்னை ஆத்தூர் அணை வரைக்கும் கூட்டிப் போனான். வழியில் அந்த ஊர் வந்தது. புளியமரம் இல்லை. கிணற்றை மண் போட்டு மூடிவிட்டார்கள். ராட்டினம் தொங்கிய கல் தூணும் இல்லை. பாயும் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. பாட்டை நிறுத்தச் சொல்லி, வண்டியை விட்டு இறங்கிச் சற்று நேரம் நின்றேன்.

அந்தப் பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ள அன்று எனக்குத் தைரியம் வரவில்லை. இன்று கேட்டால் சொல்ல, அந்தக் காலத்து ஆட்கள் அங்கே யாரும் இல்லை.