எங்கேயும் பொருந்தாத நாலு வரி

செருப்பு கடிக்கிறது என்று சொன்னால் தைத்தவர் வாங்கிப் பார்ப்பார். பாட்டு கடிக்கிறது என்று சொன்னால் எழுதியவர் உங்கள் காதைத்தான் பார்ப்பார். நான் அந்த இரண்டாவது ரகம். தொழிலில் தமிழ் வாத்தியார். எட்டு வருடம் இடுக்கி மலையில் ஓர் எஸ்டேட் பள்ளிக்கூடம், இப்போது பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளி, இங்கே வாத்தியாருக்குப் பேர் 'மாஷ்'. மிச்ச நேரத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் பாட்டு: கோயில் விழா, கடைத் திறப்பு, தேர்தல் ஜீப், எதுவானாலும் சரி. நாலு வரி எழுதிவிட்டு, யாராவது கேட்பார்களா என்று சமையலறை வாசலில் நின்ற அனுபவம் உங்களுக்கும் உண்டா? அப்படியானால் நாம் ஒரே வார்டு நோயாளிகள்.

ருசி பார்த்தவர்

நல்லேப்பிள்ளியில் எல்லோரும் நாற்று விட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வாரத்தில் இந்த நாலு வரி வந்தது:

மலையேறி வந்த மழை
மண்கேட்டு நின்ற மழை
இலைதோறும் பேர்சொல்லி
இறங்கிப்போய்ச் சேர்ந்த மழை

எதுகை, மோனை எல்லாம் அளந்து வைத்தாற்போல் விழுந்திருந்தன. நான் எழுதியதிலேயே இதுதான் உச்சம் என்பதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை. இது ஒருநாள் ஊர் கூடி நிற்கிற இடத்தில் பாடப்பட வேண்டும், அதுவரை ஓய மாட்டேன் என்று முடிவு செய்தேன். முதலில் என் மனைவி செல்விக்குப் படித்துக் காட்டினேன். அவள் பொள்ளாச்சிக்காரி, குழம்பில் உப்புப் பார்க்கிற முகத்தோடு கேட்டாள். கண்ணை மூடி, திறந்து, சொன்னாள்: "நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா என்னமோ ஒண்ணு பத்தலைங்க."

என்ன பத்தவில்லை என்று அதற்குப் பிறகு பல வேளைச் சோற்றுக்கு நடுவே கேட்டுவிட்டேன். "தெரிஞ்சா சொல்ல மாட்டனுங்களா?"

வளைவுக்கு வளைவு

முதல் வாய்ப்பு மறுபடி இடுக்கி மலையில், ஆனைக்கரையில் கிடைத்தது. பஞ்சாயத்துத் தேர்தலில் நின்ற ஒருவருக்குத் தமிழில் பிரச்சாரப் பாட்டு வேண்டியிருந்தது. பல்லவியில் வேட்பாளர் பெயர், முதல் சரணத்தில் ரோடு, இரண்டாவதில் குடிநீர். மூன்றாவது சரணமாக என் மழையை நைசாக உட்கார வைத்தேன். குடிநீருக்குப் பின்னால் மழை வருவது இயல்புதானே?

ஒலிபெருக்கி கட்டிய ஜீப் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு நடுவே கிளம்பியது. நான் ஒரு வளைவில் இறங்கி, கைக்கடிகாரத்தோடு நின்று கேட்டேன். வேட்பாளர் பெயர் கேட்டது, ரோடு பாதி கேட்டது, அப்புறம் ஜீப்பைக் காணோம். அடுத்த சுற்றில் வண்டியை மறித்து, ஓட்டுநர் செல்லத்துரையிடம் ஒவ்வொரு வளைவிலும் முழுப்பாட்டும் முடிகிறவரை நிறுத்தச் சொன்னேன். அவர் ஸ்டியரிங்கை விடாமல் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சாரே, பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒங்க மழை வாறதுக்குள்ள எலெக்சனே முடிஞ்சிரும்."

குடைக்கடை

தமிழில் 'அருமை' என்பதற்கு அகராதி தரும் பொருள்களில் ஒன்று, கிடைப்பதற்கு அரியது. என் பாட்டுக்குக் கிடைத்த 'அருமை'களைப் பொறுத்தவரை அகராதி மிகச் சரி.

பாலக்காட்டில் காதர் பாய் குடைக்கடை திறந்தபோது, கடைவாசலில் போட ஒரு பாட்டுக் கேட்டார். குடைக்கடை! மழைக்கு இதைவிடப் பொருத்தமான சம்பந்தம் எங்கே கிடைக்கும்? இந்தத் தடவை மூன்றாவது சரணம் வரை காத்திராமல் அந்த நாலு வரியைப் பல்லவியாகவே வைத்துப் பாடிக் காட்டினேன். பாய் இரண்டு தடவை பாடச் சொன்னார். மூன்றாவது தடவையும் சொன்னார். கண் லேசாகக் கலங்கியது. சரி, கரை சேர்ந்துவிட்டோம் என்று நினைத்தேன். பாய் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தாளைத் திருப்பிக் கொடுத்தார். "இதைக் கேட்டா சனங்க நனையத்தானுங்க மாஷே ஆசைப்படுவாங்க. எனக்குக் குடை விக்கணுமுங்க."

பத்து நிமிடக் காவியம்

மூணாறுக்கு அப்பால் இருக்கும் மலையூர் வட்டவடைக்குப் போனது இன்னும் பெரிய தவறு. ஊர் விழாவுக்கு வந்து பாட்டு எழுதச் சொன்னார்கள். மழையை எடுத்து நீட்டினேன். கமிட்டிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வீடு பூண்டு பிடுங்கிக் காயப் போட்டிருந்த சமயம் அது. மழை என்ற சொல்லையே அந்த வாரம் ஊரில் யாரும் வாயால் சொல்லவில்லையாம்.

கோபத்தோடு டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது, மூணாறு போகும் ஜீப்காரர்கள், ஆள் கூப்பிட எங்களுக்கும் ஒண்ணு எழுதுங்க என்றார்கள். டீ ஆறுவதற்குள் எழுதிக் கொடுத்தேன்: 'ஏறுங்க ஏறுங்க மூணாறு, எடமிருக்கு இன்னும் நாலு பேரு.' இதைக் கவிதை என்று சொன்னால் என் மாணவர்களுக்கே நான் மார்க் குறைப்பேன். அடுத்த வருடம் போகிறேன், ஊரே அதைப் பாடுகிறது. முட்டைக்கோஸ் மூட்டை ஏற்றுகிறவர்கள் அதைப் பாடித்தான் தூக்குகிறார்கள். அதை எழுதிய வாத்தியார் நான்தான் என்று, அந்த வருடம் புதிதாக வந்திருந்த ஓர் ஓட்டுநரிடம் கொஞ்சம் வெட்கத்தோடு ஒப்புக்கொண்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சும்மா சொல்லாதீங்க சார், அது நல்ல பாட்டாச்சே!"

பேச்சியம்மாவின் கத்தரிக்கோல்

கடைசியில் நான் பழைய எஸ்டேட்டுக்கே போனேன். மாரியம்மன் விழா. மழைத் தெய்வத்திடம் போய் மழை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? கும்மியை நடத்துகிறவர் பேச்சியம்மா, இருபது வருடமாகத் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர். தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் வாசலில் நின்று, அம்மன் பேரில் எழுதி நடுவில் மழையை வைத்திருந்த தாளை வாங்கிப் படித்தார். பல்லவியையும் இரண்டு சரணங்களையும் மரியாதையாக மடித்துப் பின்னால் தள்ளினார்.

"இந்த மழ மட்டும் போதும் சார். ஆனா மழ எதுக்கு இலையக் கூப்பிடுது? முத்தின இலையக் கூடையில போட்டா சூப்பர்வைசர் மூஞ்சியிலயே கொட்டுவாரு. மழ பேஞ்சா வாறது கொழுந்துதான?" என்றவர், நின்ற நிலையிலேயே மாற்றிப் பாடினார்:

கொழுந்தெல்லாம் பேர்சொல்லி
கூப்பிட்டுச் சேர்ந்த மழை

எதுகை போய்விட்டதே என்று பதறினேன். "போனா போகுது சார், கொழுந்து நிக்குதுல்ல?"

வாசல் வாசலாக நான் தூக்கி அலைந்த வரிகள். ஓர் எழுத்தை மாற்றக்கூட யாருக்கும் உரிமையில்லை என்று பெருமையடித்துக்கொண்டவன் நான். தாளை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறலாம், அல்லது விட்டுக்கொடுக்கலாம். பஸ் வருகிற சத்தம்கூடக் கேட்டது. விட்டுக்கொடுத்தேன், பாடும்போது அதன் லட்சணம் தானே தெரியட்டும் என்ற நல்லெண்ணத்தில்தான்.

விழாவன்று முப்பது பெண்கள் வட்டமாக நின்று கைதட்டிப் பாடினார்கள். முதல் இரண்டு வரிகளை ஒருமுறை பாடிக் கடந்தார்கள். கொழுந்து வந்ததும் வட்டம் அங்கேயே சுழன்றது. நான்கு தடவை, ஐந்து தடவை. சுற்றி நின்ற கூட்டமும் சேர்ந்துகொண்டது. நான் விரலை மடக்கிச் சரிபார்த்தேன். கொழுந்து, கூப்பிட்டு: மோனை பிசகில்லாமல் நின்றது. எரிச்சல் இன்னும் அதிகமானது.

கூடவே வந்திருந்த செல்வி என் தோளைத் தட்டினாள். குழம்பு சரியாக வந்த நாளின் முகம். "ஏனுங்க, இத்தனை வருசமா இந்தக் கொழுந்தை எங்கீங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

நான் அடக்கமாகச் சிரித்து வைத்தேன். ஒரு பாட்டில் எது நல்ல வரி என்பது எழுதியவனுக்குத்தான் தெரியும் என்ற என் கொள்கையில் இன்றும் மாற்றமில்லை, எழுதியவன் யார் என்று மட்டும் யாரும் கேட்காமல் இருந்தால் போதும்.