ஓடுகிற வீட்டைத் துடைக்கிறேன்

ஓடுகிற வண்டியைச் சுத்தமாக வைத்திருப்பது, மழை பெய்யும்போதே மொட்டை மாடியில் துணி காயப்போடுகிற மாதிரியான வேலை. கூட்டி, துடைத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால் மறுபடியும் குப்பை என்று பெருமூச்சு விடுகிற அக்கா தங்கைகளே, அண்ணன் தம்பிகளே, உங்கள் வீடாவது ஒரே இடத்தில் நிற்கிறது. நான் துடைக்கிற வீட்டுக்கு ஆறு சக்கரம்.

என் பெயர் வனஜா, ஊர் வியாசர்பாடி. பதினோரு வருஷம் ரயில் பெட்டி கழுவுகிற ஒப்பந்த வேலையில் இருந்தேன். ராமேஸ்வரம் போகிற பெட்டி, டெல்லி போகிற பெட்டி என்று எல்லாவற்றுக்கும் ஜன்னல் துடைத்திருக்கிறேன். வண்டி கிளம்பிப் போகும், நான் வாளியோடு நிற்பேன். அப்போதுதான் வண்ணாரப்பேட்டை ஹமீது பாய் ஒரு கேரவன் வாங்கி, திருவொற்றியூர் ஷெட்டில் நிறுத்தி, டூருக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தார். எட்டுப் பேருக்குப் படுக்கை, குட்டி அடுப்படி, கக்கூஸ், ஏசி எல்லாம் உள்ளேயே. கூடவே போய்ச் சுத்தம் பார்க்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டதும் ஓடினேன்.

பாய் என்னை மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "அஞ்சு டூரு போயிட்டு வா. ஒவ்வொரு டூரு முடிஞ்சதும் நானே பார்ட்டிக்குப் போன் பண்ணி, வண்டி சுத்தமா இருந்துச்சான்னு கேப்பேன். ஒரே ஒருத்தரு கலீஜா இருந்துச்சுன்னு சொன்னாலும், நீ ஷெட்டுல நின்னு கழுவிகினு இரு. டூருக்கு வேற ஆளு."

அஞ்சு டூர்! செங்கல்பட்டைத் தாண்டாதவளுக்கு அஞ்சு டூர்! அன்றைக்கு எனக்குச் சோறே இறங்கவில்லை.

வெள்ளை வண்டி

முதல் பார்ட்டி ராயபுரத்தில் ஒரு வியாபாரி. குடும்பத்தோடு நாகூர் தர்காவுக்குப் போகிறார்கள். விடிகாலையிலேயே ஷெட்டுக்குப் போய், வண்டியை மூன்று தரம் கழுவி, என் முகம் தெரிகிற வரைக்கும் துடைத்தேன். எங்கள் டிரைவர் எர்ணாவூர் தேவா அண்ணன். "இன்னாம்மே, வண்டிய கல்யாணப் பொண்ணு மாறி ஆக்கிட்ட!" என்று சொல்லிவிட்டுக் கிளப்பினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் எவ்வளவு தூரம்? பஸ்ஸில் ஏறி உட்கார்வதற்குள் வந்துவிடும். ஆனால் அன்றைக்கு முன்னால் நாற்பது கண்டெய்னர் லாரி, பின்னால் நாற்பது கண்டெய்னர் லாரி. நடுவில் எங்கள் வெள்ளை வண்டி ஒன்றரை மணி நேரம் புகையையும் கரித்தூளையும் வாங்கிக்கொண்டு நின்றது. பார்ட்டி வீட்டு வாசலுக்குப் போனபோது வண்டி சாம்பல் நிறம். வெள்ளை ஜிப்பாவில் நின்ற பெரியவர் கதவில் ஒரு விரலை வைத்து இழுத்தார். விரல் கறுப்பு. முதல் டூரிலேயே என் கதை முடிந்தது என்று நினைத்தேன். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்குவதற்குள், அந்த வீட்டு அம்மா லாரித் தண்ணீரில் நிரப்பி வைத்திருந்த இரண்டு குடத்தை எடுத்துவந்து என் பக்கத்தில் வைத்தார். பெரியவர் விரலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"வண்டி கறுப்புன்னு மொதல்லயே சொல்லியிருந்தா, நானும் கறுப்பு ஜிப்பா போட்டுகினு வந்திருப்பேனேம்மா!"

மூன்று வாளி

இரண்டாவது டூர், ஆறு டீச்சர்கள், மதுரைக்கு. திருச்சி தாண்டி ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினோம். டீச்சர்கள் இளநீர் குடிக்கப் போனார்கள். தரையில் தக்காளி சாதம், சிப்ஸ் தூள், யாரோ கொட்டிய மோர். எங்கள் பக்கத்தில் வீடு கழுவுவது என்றால் எப்படி என்று உங்களுக்குத் தெரியும்தானே? தண்ணீர் கிடைத்த நாளில் வாளி வாளியாக ஊற்றி, தென்னந்துடைப்பத்தால் வாசலுக்குத் தள்ளவேண்டும். அப்போதுதான் கழுவியது மாதிரி இருக்கும். ரயில் பெட்டியிலும் அதே பழக்கம். மூன்று வாளி ஊற்றினேன். ஆனந்தமாகத் தள்ளினேன்.

பாதித் தண்ணீர்தான் வாசலுக்கு வந்தது. மீதி சோபாவுக்கு அடியில் இருந்த பேட்டரிப் பெட்டிக்குள் போய்விட்டது. லைட், ஏசி, குளிர்பெட்டி எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டன. திரும்பி வந்த டீச்சர்கள் ஒரு வார்த்தை திட்டவில்லை. பையிலிருந்த பேப்பர், துண்டு, பரீட்சை அட்டை என்று கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஆறு பேரும் பேட்டரிப் பெட்டிக்கு விசிறினார்கள். ஒரு மணி நேரம் கழித்து லைட் எரிந்தபோது நான் கை தட்டிவிட்டேன். ஈரக் கையோடு எழுந்த தேவா அண்ணன் மட்டும் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"ரயிலு மேல தண்ணி ஊத்துன, அது ஓடுச்சு. இது மேல ஊத்துன, நின்னுகினு கீது பாரு!"

அன்றிலிருந்து பிழிந்த துணிதான், வாளி கிடையாது.

மதுரையில் ஒரு தரிசனம்

கேரவனில் யாரும் பேச விரும்பாத விஷயம் ஒன்று இருக்கிறது. கக்கூஸ் டாங்கி. இரண்டு நாளைக்கு ஒரு தரம் காலி செய்ய வேண்டும். கண்ட இடத்தில் திறந்துவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள், எனக்கு அது ஆகாது. கழிவுநீர் நிலையத்துக்குப் போய், அனுமதி கேட்டு, குழாயைப் பொருத்தி வால்வைத் திறந்தால் கை படாமல் இறங்கிவிடும்.

மதுரைக்குள் நுழைந்ததும் டீச்சர்களைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு, நானும் தேவா அண்ணனும் நாலு பேரிடம் வழி கேட்டு நிலையத்தைக் கண்டுபிடித்தோம். கண்ணாடி பளபளக்கும் வண்டியைப் பார்த்து யாரோ பெரிய அதிகாரி என்று நினைத்த வாட்ச்மேன், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். நான் இறங்கி விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், பொத்தானைக் கழற்றிக்கொண்டார்.

"மதுரைக்கு வர்றவுக எல்லாரும் மீனாட்சியப் பாக்க வருவாக. எங்களப் பாக்க மெட்ராஸ்லருந்து வந்தது நீங்கதேன்!"

வாடை

மூன்றாவது டூர் கோயம்புத்தூருக்கு. காசிமேட்டிலிருந்து சகுந்தலா அம்மாள், அவர் வீட்டுக்காரர், இரண்டு கொழுந்தனார்கள். கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்கப் போகிறார்கள். விழுப்புரம் தாண்டியதும் வண்டிக்குள் ஒரு வாடை. ஏசி போட்டு மூடிய வண்டி, எங்கே போகும் அது? எலி செத்துவிட்டது என்று முடிவு கட்டினேன். அடுப்படியைக் கழற்றினேன், மெத்தைகளைப் புரட்டினேன், குளியலறைச் சல்லடைக்குள் கை விட்டேன். ஆண்கள் மூன்று பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டு எனக்கு உதவி செய்தார்கள். சகுந்தலா அம்மாள் மட்டும் தன் படுக்கையை விட்டு எழவில்லை.

சேலம் வந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. "எலியக் கண்டுபுடிக்கலன்னா என் வேலை போயிடும்மா" என்றேன். அவர் மெதுவாக எழுந்து, மெத்தைக்கு அடியிலிருந்து ஒரு மூட்டையை எடுத்தார். நெத்திலி, வஞ்சிரம், வாளை, எல்லாம் கருவாடு. மகளுக்கு இது ஆறாவது மாசமாம், கோயம்புத்தூரில் எதுவும் வாய்க்கு ஒத்துக்கொள்ளவில்லையாம், போனில் அழுதாளாம். கொண்டுவரக் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லியும் திருட்டுத்தனமாக எடுத்து வந்துவிட்டார். நான் மூட்டையை மூன்று பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டினேன். எலுமிச்சைத் தோலும் காப்பித்தூளும் வைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, வாடையை விரட்ட இரண்டு நாள் ஆனது. அந்த அம்மாளுக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை.

"எலின்னு சொல்லிட்டியேடி! என் பொண்ணு இத மோந்து பாத்தா, அரைப்படி சோறு துன்னுவா!"

ஜோடி

முதல் மூன்று பார்ட்டியும் பாயிடம் குறை சொல்லவில்லை. நாலாவது டூரைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. புதுக் கல்யாண ஜோடி, ஏலகிரி. நான் மூலை முடுக்கெல்லாம் பல் தேய்க்கிற பிரஷ் வைத்துத் தேய்த்திருந்தேன். டூர் முடிந்து பாய் போன் செய்தபோது மாப்பிள்ளை கேட்டது இவ்வளவுதான்:

"சுத்தமாவா? கவனிக்கலயே பாய்!"

எட்டு ஜோடி

ஐந்தாவது டூர். கடைசிப் பரீட்சை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற புளியந்தோப்பு முனுசாமி ஐயாவும் குடும்பமும், மொத்தம் எட்டுப் பேர், கன்னியாகுமரிக்கு. ஐயாவின் ஆசை ஒன்றே ஒன்று, கடலில் சூரியன் மறைவதைப் பார்க்க வேண்டும். இத்தனை வருஷமும் கடல் பக்கத்திலேயே இருந்து காலையில் எழும் சூரியனைத்தான் பார்த்தாராம்.

என் சட்டம், செருப்போடு யாரும் உள்ளே ஏறக்கூடாது. எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு அதைச் சொல்லவே வேண்டாம். வீடு என்று சொன்னால் போதும், கால் தானாகச் செருப்பைக் கழற்றிவிடும். படிக்கட்டில் ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதில் எட்டு ஜோடி. கிளம்பும்போது தட்டைத் தூக்கி உள்ளே வைத்துவிடுவேன். கோவில்பட்டி பக்கம் டீ குடிக்க நின்றோம். எல்லோரும் குடித்துவிட்டு ஏறிவிட்டார்கள். தட்டு முழுக்கச் செம்மண். மனசு கேட்குமா? செருப்புகளை வேப்பமரத்தடியில் வரிசையாக அடுக்கிவிட்டுத் தட்டைக் கழுவினேன், துடைத்தேன், உள்ளே கொண்டுபோய் வைத்தேன். தட்டு கண்ணாடி மாதிரி இருந்தது. வண்டி கிளம்பியது.

திருநெல்வேலியில் இறங்கப் போனபோதுதான் தெரிந்தது. தட்டு சுத்தமாக இருக்கிறது, அதில் ஒரு செருப்பும் இல்லை. வேறு வாங்கிக்கொள்ளலாம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். ஆனால் ஐயாவுக்குச் சர்க்கரை. பாதத்துக்கு அளவெடுத்துத் தைத்த செருப்பு அது, வேறு எதையும் அவர் போடக்கூடாது. தேவா அண்ணன் வண்டியைத் திருப்பினார். வேப்பமரத்தடியில் எட்டு ஜோடியும் நான் வைத்த வரிசை கலையாமல் அப்படியே இருந்தன. எடுத்துக்கொண்டு பறந்தோம். கன்னியாகுமரிக்குப் போனபோது கடற்கரையிலிருந்து எல்லோரும் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள், சூரியன் மறைந்துவிட்டது. மறுநாள் காலையிலேயே ஊர் திரும்ப வேண்டும். ஐயா இருட்டிய கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தேய்த்த சுவரையே தேய்த்துக்கொண்டு அழுதேன்.

ஊர் திரும்பிய மறுநாள் ஷெட்டில் ஹமீது பாய் என்னை எதிரே நிற்கவைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டார். "வண்டி சுத்தமா இருந்துச்சா நைனா?" என்று கேட்டார். தேவா அண்ணன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். பிறகு ஐயாவின் குரல் வந்தது.

"பாய், ரெண்டு மணி நேரம் செருப்பு இல்லாம அந்த வண்டிக்குள்ளயே நடந்துகினு இருந்தேன். கால்ல ஒரு மண்ணு ஒட்டல. சூரியன் மறையறதப் பாக்க இன்னொரு வாட்டி போவணும், அந்தப் பொண்ணையே அனுப்பு. ஆனா செருப்பு எண்ணுறதுக்கு வேற ஒரு ஆள அனுப்பு!"

நாளைக்குக் காலையில் ஏற்காடு கிளம்புகிறேன். தூசிக்கும் எனக்கும் நடக்கிற சண்டையில் இன்றுவரைக்கும் தூசிதான் ஜெயிக்கிறது, ஆனால் ஊர் பார்ப்பது நான்தான்.