கண்ணை மூடிக்கொண்டு ஒரு சண்டை

திருவனந்தபுரத்தில் மற்றவர்கள் வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். கிழக்கேகோட்டைக் கடைகளில் காகித நட்சத்திரங்கள் தொங்கும். பேக்கரிக்காரர்கள் கேக்கை ஆள் உயரத்துக்கு அடுக்குவார்கள். கேரல் கோஷ்டி ஒன்று, பார்த்ததும் குழந்தைகள் அலறும்படி முகமூடி போட்ட ஒரு தாத்தாவைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாக வரும். எங்கள் வீட்டுக்கு அது அப்படி வந்ததே இல்லை. அம்மாவும் அத்தையும் சண்டை போட வேண்டும், அப்போதுதான் வரும்.

அத்தை அப்பாவின் அக்கா. கணவர் காலமான பிறகும் மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் சொந்த வீட்டில் மகனோடு ராணி மாதிரி இருந்தவள். வருடா வருடம் டிசம்பரில், வறுத்துப் பொடித்த சிறுபயறு மாவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்குவாள், முந்திரிக்கொத்து சுட. அந்த மாவையும் தேங்காயையும் எள்ளையும் வெல்லப்பாகில் சேர்த்து உருட்டி, மும்மூன்று உருண்டையாக அரிசிமாவுக் கரைசலில் முக்கி எண்ணெயில் பொரிக்கும் பலகாரம் அது. வெல்லத்துக்குப் பஞ்சமில்லை. அப்பாவுக்கு ஆரியசாலையில் வெல்ல மண்டி.

பிரச்சினை அந்தக் கரைசலில் இருந்தது. அதில் மஞ்சள்பொடி சேர்க்க வேண்டும் என்பது பாளையங்கோட்டையில் பிறந்த அம்மாவின் கொள்கை. அத்தையைப் பொறுத்தவரை அது ஏறக்குறைய மதமாற்றம்.

ஆனால் நாங்கள் மரியாதையான குடும்பம். அடுப்படியில் யாரும் குரலை உயர்த்தமாட்டோம். சண்டைக்கென்று எங்களிடம் குடும்ப ஜெபம் இருந்தது. சாயங்காலம் எல்லாரும் பாயில் முழங்கால் போட்டு, கண்ணை மூடி, ஒருவர் பின் ஒருவராகச் சத்தமாக ஜெபிப்போம். ஒருவர் ஜெபிக்கும்போது அடுத்தவர் குறுக்கே பேசமுடியாது. இந்த வசதியை இரண்டு பேரும் நன்றாகப் புரிந்து வைத்திருந்தார்கள்.

"ஆண்டவரே, நீர் படைத்த அரிசியை வெள்ளையாகவே படைத்தீர். அதுக்குச் சாயம் பூச நினைக்கிற இருதயங்களை மன்னியும்" என்று அத்தை உருக்கமாகத் தொடங்குவாள்.

"கர்த்தாவே, ஊரிலிருந்து களைத்து வந்திருப்பவர்களுக்கு நல்ல ஓய்வைத் தாரும். அடுப்புப் பக்கம் வராதபடி அவர்கள் கால்களைக் காத்துக்கொள்ளும்" என்று அம்மா முடிப்பாள்.

வீட்டுத் தலைவர் என்ற முறையில் அப்பா கடைசியாக ஜெபிப்பார். தீர்ப்புச் சொல்லப் பயந்து, மண்டியில் வேலை செய்பவர்கள், ரயில் பயணிகள், முதலமைச்சர் எல்லாருக்காகவும் வேண்டிக்கொண்டு ஆமென் சொல்லிவிடுவார். பக்கத்து வீட்டுச் சேச்சி ஜெப நேரத்தில் தன் ஜன்னலைச் சாத்தியதே இல்லை. கடைசியில் பாதிக் கொத்து மஞ்சளாகவும் பாதி வெள்ளையாகவும் சுடப்படும். இரண்டும் சேர்ந்த தட்டு சேச்சி வீட்டுக்குப் போகும்.

நான் கல்லூரியில் கடைசி வருடம் படித்தபோது, தொண்ணூறுகளின் கடைசியில், அத்தை நவம்பர் மழையிலேயே வந்துவிட்டாள். இந்த முறை கூடவே ஒரு டிரங்குப் பெட்டியும் வந்தது. மகன் வீட்டை விற்றுவிட்டுப் பெண்டாட்டி பிள்ளைகளோடு துபாய்க்குப் போய்விட்டான். அங்கே இடம் கொஞ்சம் சின்னது என்று தன் அம்மாவிடம் சொல்லியிருந்தான். அத்தை பெரிய உருவமும் இல்லை. "இனி அக்கா இங்கதான்" என்றார் அப்பா. அம்மா என் அறையிலேயே அத்தைக்கும் கட்டில் போட்டாள்.

டிசம்பர் வந்தது. அம்மா கரைசலில் மஞ்சள்பொடி போட்டாள். அத்தை பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு உருண்டைகளை அதிலேயே முக்கிக் கொடுத்தாள். அன்றைய ஜெபத்தில், தன்னை அன்பாக வைத்துப் பார்க்கும் இந்தக் குடும்பத்துக்காக ஆண்டவரை ஸ்தோத்திரித்தாள். அவ்வளவுதான். அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பூமியிலே சமாதானம் என்று வருடம் தவறாமல் கோயிலில் கேட்டு வந்தது கடைசியில் நம் வீட்டுக்கும் வந்துவிட்டது என்று, பெரிய கேக் ஒன்றை வாங்கி வந்தார். நாங்கள் அந்தச் சமாதானத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் முழித்தோம். மதில் பக்கம் நான் துணி காயப்போடும்போது சேச்சி மெதுவாகக் கேட்டார். "எந்தா மோளே, இக்கொல்லம் கிறிஸ்மஸ் இல்லே?" சண்டை கேட்காததால் இந்த வருடம் எங்களுக்குப் பண்டிகையே இல்லை என்று நினைத்துவிட்டார்.

மறுநாள் அம்மா வேண்டுமென்றே இன்னும் இரண்டு கரண்டி மஞ்சள்பொடியைக் கொட்டினாள். கரைசல் கல்யாண வீட்டு நலங்குக் கிண்ணம் போல ஆனது. ஒரு கொத்தைப் பொரித்து அத்தையிடம் நீட்டினாள். அத்தை ஒரு கடி கடித்தாள். கசந்திருக்கும், எனக்கே கசந்தது.

"நல்லாருக்கு. நீங்க செஞ்சா எல்லாம் நல்லாத்தான் இருக்கும்" என்றாள் அத்தை. அப்புறம் யாரும் சொல்லாமலே எச்சில் பாத்திரங்களைக் கழுவ எடுத்துப் போனாள்.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பின்பக்கம் இழுத்துப் போனாள். "ஒங்க அத்தைக்கு என்னமோ ஆயிட்டுடி. எட்டி, வாட்டின்னு கூப்பிடுத மனுஷி என்னைய 'நீங்க'ன்னு சொல்லுதா. எனக்குப் பயமா இருக்கு" என்றாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஒரு மாதமாகப் பக்கத்துக் கட்டிலில் அவள் புரண்டு படுக்கும்போதுகூடச் சத்தம் வராமல் புரள்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்கால ஜெபத்தில் அம்மா வழக்கத்தை மாற்றி, தானே முதலில் ஆரம்பித்தாள்.

"கர்த்தாவே, இந்த வீட்டில் ஒருவருக்கு நாக்கில் ருசி செத்துப்போனது. வெள்ளைக் கொத்து சுடுகிற கைப்பக்குவமும் போய்விட்டது. அவர்களால் முடியாது என்று தெரிந்துவிட்டதால், இனிமேல் இந்த வீட்டில் மஞ்சள் கொத்து மட்டுமே சுடும்படி எங்களுக்குக் கிருபை தாரும்."

இத்தனை வருட யுத்தத்தில் இவ்வளவு கீழே யாரும் இறங்கியதில்லை. அடுத்தது அத்தை. நான் ஒரு கண்ணை லேசாகத் திறந்து பார்த்தேன். அத்தை உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆண்டவரே," என்றாள். பிறகு ஜெபத் தமிழ் எங்கேயோ போய்விட்டது. "எனக்கு ருசியெல்லாம் நல்லாத்தான் தெரியுது. அது வெறும் கசப்பு. சொன்னா கோவிச்சுக்கிடுவாளோன்னு நான் சொல்லல. முன்னயெல்லாம் சண்டை போட்டா பஸ் ஏறி வீட்டுக்குப் போயிரலாம். இப்ப நான் எங்க போவேன், சொல்லும்."

அப்பா பதறிப்போய், "ஆமென்" என்றார்.

"இருங்க" என்றாள் அம்மா. ஜெபத்தின் நடுவில் கண்ணைத் திறந்து, ஆண்டவரை விட்டுவிட்டு அத்தையிடம் நேராகப் பேசியது எங்கள் வீட்டில் அதுதான் முதல் தடவை. "மைனி, இங்க பாருங்க. இது ஒங்க வீடு. ஒங்க வீட்ல நீங்க எங்கயும் போகவேண்டாம். சண்டை போட்டுட்டு இங்கயே இருங்க."

அத்தை சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். அவள் அழுவாள் என்று நினைத்து நான் தண்ணீர் எடுக்க எழுந்தேன்.

"என் வீடா?" என்றாள்.

"ஆமா."

"அப்பம் எந்திரிட்டி. அந்த மாவைத் தூக்கிட்டுப் போயி பின்னால வாழைமரத்து மூட்டுல கொட்டு."

அம்மா உடனே எழுந்து அடுப்படிக்குப் போய், பாத்திரத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு பின்வாசலைத் திறந்தாள்.