கயிறு பிடித்தவர் பெயர் லூர்து

காலை ஆறரைக்குத் தூத்துக்குடி ரயில் நிலையத்தில் இறங்கியபோதே வெயில் வேலையைத் தொடங்கிவிட்டது. மாநாடு மறுநாள்தான். ஒரு நாள் முன்னதாக நான் வந்ததற்குக் காரணம் பையில் இருந்த அழைப்பிதழ். அதை ஆலந்தலையில் சவரிமுத்து என்பவரிடம் நேரில் கொடுக்க வேண்டும்.

எங்கள் சங்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாமல் நரம்பையே தாக்கும் நோய்கள் உண்டு. அவற்றை ஆராயும் மருத்துவர்களின் சங்கம் இது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே ஊரில், ஒரு வகுப்பறையில், ஒன்பது நாற்காலியோடு தொடங்கினோம். அதிலும் ஒன்றில் டீ பிளாஸ்க்தான் உட்கார்ந்திருந்தது. இன்று ஆய்விதழ், இளம் மருத்துவர்களுக்குப் பயிற்சி முகாம், ஊர் ஊராக நோயாளிகளைப் பதியும் பதிவேடு என்று கிளை விட்டிருக்கிறது. வாடகைக்குச் சொன்ன நாற்காலி போதவில்லை என்று செயலாளர் போனில் புலம்பினார். புலம்பலில் பெருமை வழிந்தது.

ஒவ்வோர் ஆண்டும் எங்கள் முதல் நோயாளியின் ஸ்கேன் படத்தோடுதான் மாநாடு தொடங்கும். பெயர் இருக்காது, ‘எண் ஒன்று’ என்றிருக்கும். அவர்தான் சவரிமுத்து. சங்கு குளிப்பவர். ஒரு நாள் கடலிலிருந்து ஏறியபின் இரண்டு காலும் விழுந்துவிட்டன. அப்போது வார்டு மருத்துவர் நான். ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்ததால் ஏற்பட்ட முடக்கம் என்று டிஸ்சார்ஜ் தாளில் எழுதி அனுப்பினேன். சில வாரம் கழித்து வந்த ரத்தப் பரிசோதனை வேறு சொன்னது. தண்டுவடத்தைத் தாக்கியது அவருடைய சொந்த எதிர்ப்புச் சக்திதான். மாத்திரையை மாற்றினோம், ஓரளவு நடந்தார். நாங்கள் கட்டுரை எழுதினோம். இந்த ஆண்டு அவரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துவதாக முடிவு.

எட்டு மணிக்குத் திருச்செந்தூர் பேருந்து. நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய். முக்காணியில் தாமிரபரணியைத் தாண்டும் வரை உப்பளம், தாண்டியதும் வாழை. திருச்செந்தூரிலிருந்து ஆலந்தலைக்கு ஆட்டோ நூற்றிருபது என்றார்கள், பேரம் பேசவில்லை.

“சவரிமுத்தா? கம்பு ஊனி நடப்பாரே, அவரா?” என்றார் ஓட்டுநர். “பாவம். மச்சான் கயித்த வெடுக்குன்னு இழுத்துட்டான், கால் போச்சு. ஊருக்கே தெரியும்.”

“யார் சொன்னது, அண்ணாச்சி?”

“ஆஸ்பத்திரித் தாளுலயே இருக்காம்லா.”

அந்தத் தாள் நான் எழுதியது. சங்கு குளிப்பவரின் உயிர், படகில் கயிறு பிடித்து அவரை மேலே இழுப்பவர் கையில் இருக்கிறது. அந்த இடத்தில் பெரும்பாலும் மனைவியின் அண்ணனையோ தம்பியையோதான் வைப்பார்கள். கூடப்பிறந்தவளின் தாலி அவன் கையில் இருக்கும்போது எவனும் அசட்டையாக இருக்கமாட்டான் என்ற நம்பிக்கை. இதெல்லாம் அன்றே எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த வரியை எழுதியிருக்கிறேன்.

சவரிமுத்து என்னை அடையாளம் கண்டுகொண்டார். அவர் மனைவி ரோஸ்மேரி கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். அழைப்பிதழை நான் எடுக்கவில்லை. அந்தத் தாளைத்தான் கேட்டேன். மாதா படத்துக்குப் பின்னாலிருந்து பிளாஸ்டிக் உறையோடு வந்தது. என் கையெழுத்து கொஞ்சமும் மங்கவில்லை.

“பங்குச் சாமியார்தான் இங்கிலீசுல இருந்தத வாசிச்சுச் சொன்னாரு, வேகமா மேல வந்ததுனாலன்னு,” என்றார் சவரிமுத்து. “இழுத்தது லூர்துதான?”

லூர்து, ரோஸ்மேரியின் அண்ணன். நான் உண்மையைச் சொன்னேன். கயிற்றுக்கும் காலுக்கும் சம்பந்தமில்லை, நோய் உடம்புக்குள்ளிருந்தே வந்தது, இது எங்களுக்குப் பன்னிரண்டு வருடமாகத் தெரியும் என்றேன். மாத்திரையை மாற்றியவர்கள் தாளை மாற்றவில்லை. அது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சவரிமுத்து கம்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“அவன் மெதுவாத்தான் இழுத்தான், டாக்டரம்மா. அன்னைக்கே எனக்குத் தெரியும். படிச்சவங்க தாளு தப்பாவா சொல்லும்னு நெனச்சேன்.”

“லூர்து எங்கே இருக்கிறார்?”

“கல்லறைத் தோட்டத்துல,” என்றார் ரோஸ்மேரி. “ரெண்டு வருசமாச்சு. எத்தனையோ தடவ வாசல்ல வந்து நின்னான். இவுக கதவத் தொறக்கல. மண்ணள்ளிப் போடக்கூட போவல.”

எனக்கு அழுகை வந்தது. அந்த வீட்டில் அழும் உரிமை எனக்கில்லை என்று அடக்கிக்கொண்டேன். பேனாவை எடுத்து என் பழைய வரியை அடித்தேன்.

“தமிழ்ல எழுதுங்க,” என்றார் சவரிமுத்து. “இவ மைனி வாசிக்கணும்.” லூர்துவின் மனைவியைத்தான் சொன்னார்.

‘இது உடலுக்குள்ளிருந்து வந்த நோய். கயிறு பிடித்த லூர்து மேல் எந்தத் தவறும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அப்புறம்தான் அழைப்பிதழை நீட்டினேன்.

“நாளைக்கு வேற சோலி இருக்கு, டாக்டரம்மா. கல்லறைக்குப் போவணும். அதுக்கு முன்ன இவ மைனி வீட்டுக்குள்ள விடணும்.”

மறுநாள் பத்து மணிக்கு மாநாடு. மேடையில் அவருக்குப் போட்ட நாற்காலி காலியாகவே இருந்தது. முதல் படம் வந்ததும் நான் எழுந்து, என் தவற்றை உள்ளபடி சொன்னேன். செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு பார்ப்பதை விட்டார். மதியம் பதிவேட்டுப் படிவத்தில் ஒரு வரி கூட்டினார்கள்: ‘இறுதி முடிவு நோயாளியிடம் சொல்லப்பட்டதா? தேதி?’ யாரும் மறுக்கவில்லை. எங்கள் சங்கத்தில் அது அபூர்வம்.

இரவு ரயிலில், எண் ஒன்றுக்கான படிவத்தை நானே நிரப்பினேன். ‘ஆம்’ என்று எழுதி, நேற்றைய தேதியைப் போட்டேன். லூர்து நோயாளி அல்ல. அவருக்குப் படிவம் கிடையாது.