அம்மா தைத்த மிதவைச் சட்டைகள்

அப்பாவுக்கு இலங்கையின் தென்பகுதியில் ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. திருவிழாவுக்கும் பொங்கலுக்கும்தான் ஊருக்கு வருவார். மற்ற நாட்களில் நயினாதீவு வீட்டில் அம்மாவும் நானும் தங்கச்சியும்தான். அம்மாவிடம் ஒரு தையல் மெஷின் இருந்தது. காலால் மிதிக்கிற வகை. அதன் சத்தத்தில்தான் நாங்கள் பாடம் படித்தோம். அது நின்றால் எங்கள் படிப்பும் நின்றுவிடும்.

அறுபதுகளின் நடுவில் எங்கள் தீவு வியாபாரிகள் சிலர் சேர்ந்து, கரைக்கு மோட்டார்ப் படகு ஓட்டும் ஒரு லோஞ்சுக் கொம்பனி தொடங்கினார்கள். ஊரவருக்குப் பங்கு விற்றார்கள். அப்பாவும் வாங்கினார். "எங்கடை ஆக்களின்ரை கொம்பனி" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். வெள்ளையும் நீலமுமாகப் பூசிய அந்த லோஞ்சில் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போய், அங்கிருந்து பஸ்ஸில் வேலணைக்குப் பள்ளிக்கூடம் போனோம். காலை வெயிலில் கடல் பச்சையாய்க் கிடக்கும். டீசல் மணமும், கோயில் கும்பிட வந்தவர்களின் திருநீற்று மணமும், யாரோ கொண்டுவரும் கருவாட்டு மணமும் ஒன்றாய்க் கலந்து வரும். இன்றைக்கும் எங்காவது டீசல் மணம் வந்தால் அந்தக் காலைகள்தான் எனக்கு முன்னால் வந்து நிற்கின்றன.

லோஞ்சு ஓட அனுமதி கிடைக்க வேண்டுமென்றால் பயணிகளுக்கு மிதவைச் சட்டைகள் இருக்க வேண்டும். உறை தைக்கும் வேலை அம்மாவுக்கு வந்தது. செம்மஞ்சள் நிறத் தடித்த துணியைக் கொண்டுவந்து தந்தவர் கொம்பனியின் மனேச்சர். முன்பு அப்பாவின் கடையில் வேலை செய்தவர். அம்மாவை அக்கா என்பார். உள்ளே இலவம் பஞ்சு அடைப்பது கொம்பனியின் பண்டசாலையில் நடக்கும் என்றார். அம்மா முதுகு நோகத் தைத்தார். லோஞ்சின் கூரைக்குக் கீழே அவை வரிசையாய்க் கட்டியிருப்பதைக் காணும்போது எனக்கும் தங்கச்சிக்கும் பெருமையாயிருக்கும்.

ஒரு நாள் தையல் விட்டுப்போன ஒரு சட்டையை மனேச்சர் திருத்தக் கொண்டுவந்தார். அம்மா பிரிந்த இடத்தில் கையை விட்டார். வெளியே வந்தது வைக்கலும் தேங்காய்த் தும்பும்.

"தம்பி, பஞ்சு எண்டெல்லோ சொன்னனீர்?"

"முதல் கொஞ்சத்துக்குப் பஞ்சுதான் அக்கா போட்டது. பிறகு முதலாளிமார், பஞ்சு கட்டுப்படியாகாது, கையிலை இருக்கிறதை வைச்சுச் செய்யும் எண்டிட்டினம். பரிசோதிக்க வாறவர் எண்ணிப் பாத்திட்டுப் போறவர். உள்ளுக்கு ஆர் பாக்கினம்?"

"கடலுக்கை விழுந்தால்?"

"இவ்வளவு நாளும் ஆர் அக்கா விழுந்தது?"

அவர் போன பிறகு அம்மா அந்தச் சட்டையைக் கிணற்றடித் தொட்டியில் போட்டு, அதன்மேல் ஒரு அம்மிக் குழவியைக் கட்டினார். முதலில் மிதந்தது. எங்களுக்குச் சந்தோஷம். அம்மா சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தபோது, அது தொட்டியின் அடியில் குழவியோடு கிடந்தது.

மிச்சத் துணியை மடித்து மறுநாளே திருப்பி அனுப்பிவிட்டார். பிறகு எங்கள் தலையணைகளைப் பிரித்தார். அந்தப் பஞ்சில், கோடு போட்ட மெத்தைத் துணியில், எனக்கொன்றும் தங்கச்சிக்கொன்றுமாய்ச் சட்டை தைத்தார். அன்றிலிருந்து சேலையைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுத்தோம்.

அதைப் போட்டுக்கொண்டு லோஞ்சில் ஏறுவது எனக்குப் பெரிய வெட்கம். அப்போது எனக்குப் பதினேழு வயது. என்னோடு படித்த பெட்டையள் "மெத்தையோடை பள்ளிக்கூடம் போறியளோ?" என்று கேட்டுச் சிரித்தார்கள். நான் புத்தகங்களை நெஞ்சோடு அணைத்து அதை மறைக்கப் பார்ப்பேன். தங்கச்சிக்கு அந்தக் கூச்சம் இல்லை. காற்று வாங்க முன்னுக்குப் போய் நிற்பாள்.

ஒரு நாள் கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் அவளிடம் கேட்டார். "பிள்ளை, மேல நல்ல சட்டை கட்டியிருக்கு. ஏன் உந்த மெத்தைத் துணியைப் போட்டிருக்கிறியள்?"

"அதுக்குள்ளை வைக்கல் அக்கா" என்றாள் தங்கச்சி, சாதாரணமாக.

வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒருவர் எழும்பி, ஒரு சட்டையை அவிழ்த்து, பாக்குவெட்டியால் கீறினார். வைக்கல் காற்றில் பறந்து எல்லோர் தலையிலும் விழுந்தது. குறிகட்டுவான் வரும்வரை ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் குழந்தையை இறுக்கிப் பிடித்தபடியே இறங்கினார்.

அந்தக் கிழமையே அப்பா திருவிழாவுக்கு வந்தார். வழியிலேயே எல்லாம் கேள்விப்பட்டிருந்தார். பையைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"இஞ்சேரும், என்ன செய்து வைச்சிருக்கிறீர்? எங்களுக்கும் பங்கு இருக்கிற கொம்பனியெல்லே? எல்லாரும் என்னைத்தான் பாக்கினம்."

அம்மா அந்தப் பிரிந்த சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். "உங்கடை பிள்ளையள் இதை நம்பித்தான் போகோணும் எண்டால் சொல்லுங்கோ. நான் தைச்சதைக் கழட்டிவிடுறன்."

அப்பா கதிரையில் உட்கார்ந்து அதற்குள் கையை விட்டார். கையை வெளியே எடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் மடத்தில் கொம்பனிக் கூட்டம். திரும்பி வந்து துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எல்லாம் மனேச்சர் செய்த வேலையாம். அவரை வேலையாலை நிப்பாட்டிப்போட்டினம். இனிப் பஞ்சு போடுவினமாம்."

"ஆர் சொல்லி அவர் செய்தவர்? நீங்கள் கேட்டனீங்களோ?"

"கேட்டனான். பதில் வரேல்லை. தேத்தண்ணிதான் வந்தது."

அப்பா தன் பங்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதில் அவருக்கு இருந்த துக்கம் பணத்தைப் பற்றியது அல்ல. அந்த முதலாளிமாரோடு ஒன்றாய்ப் படித்து, ஒரே வள்ளத்தில் முதன்முதல் ஊரைவிட்டுப் போனவர் அவர். பிறகு அவர்களைப் பற்றிப் பேசும்போது பெயரைத் தவிர்த்து "அவை" என்று மட்டும் சொல்வார்.

ஊரைவிட்டுப் போகும் முன் மனேச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். படலையடியிலேயே தயங்கி நின்றார். அம்மா கூப்பிட்டுக் குசினிக்குள் இருத்திச் சோறு போட்டார். பாதிச் சாப்பாட்டில் அவர் சொன்னார்:

"அக்கா, முடிவெடுத்தது நான் இல்லை. மாட்டன் எண்டு சொல்ல என்னாலை ஏலாமல் போச்சு. வீட்டிலை கட்டிக்குடுக்க மூண்டு குமர்."

"தெரியும் தம்பி. அவையின்ரை பழியை உம்மடை தலையிலை போட்டது பிழை. ஆனா அந்த வைக்கலை அடைச்சது நீர்தானே."

அவர் தலையாட்டினார். அம்மா இன்னும் கொஞ்சம் குழம்பு விட்டார். அவர் மறுக்கவில்லை. போகும்போது தங்கச்சியின் தலையில் கைவைத்து, "நல்லாய்ப் படி பிள்ளை" என்றார். அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை. வன்னிப் பக்கம் காணி எடுத்து வயல் செய்கிறார் என்று யாரோ சொன்னார்கள்.

புதிய சட்டைகள் யாழ்ப்பாணத்தில் தைத்து வந்தன. அம்மாவிடம் ஒருவரும் வேலை கொடுக்க வரவில்லை. ஆனால் அடுத்த மாதங்களில் அவற்றை நம்பாத சில தாய்மார் தங்கள் தலையணைகளோடு எங்கள் படலையைத் திறந்தார்கள். அம்மா கூலி வாங்காமல் தைத்துக் கொடுத்தார். லோஞ்சில் கோடு போட்ட சட்டைகள் கூடிக்கொண்டு வந்தன. பெட்டையள் இப்போது எந்தக் கோடு வடிவு என்று சண்டை பிடித்தார்கள். நானும் புத்தகங்களை மடியில் வைத்துவிட்டு அவர்களோடு சேர்ந்து சத்தம் போட்டேன்.